தேசாய்கஞ்ச் வழக்கு: தீர்ப்பும் திறந்த மடலும்

1. முன்னுரை

குற்றம் ஒன்று நடந்து முடிந்தபின் அது எழுத்தில் வாழத் தொடங்குகிறது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதப்படுகிறது. மருத்துவர் சான்று எழுதுகிறார். நீதிபதி தீர்ப்பு எழுதுகிறார். நாளிதழ் செய்தி எழுதுகிறது. முற்காலத்தில் நம் சந்தைகளிலும் புகைவண்டிகளிலும் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்து நூல்களையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். இவையனைத்தும் நடந்ததை நடந்தவாறே சொல்வதாக உரிமை கொண்டாடுகின்றன. ஆயினும் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக, அதிலும் ஏழைப் பெண்ணாக இருந்தால், எழுதுகோல் அவள் கையில் இருந்ததே இல்லை எனலாம். அவளுக்கு நேர்ந்ததைப் பிறரே எழுதினர். எழுதியவருடைய நலனும் அச்சமும் முற்சாய்வும் அவ்வெழுத்தில் ஊறி நின்றன.

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று திருமறையிலேயே உண்டு. நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில், கிபியா ஊரார் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது லேவியன் தன் மறுமனையாட்டியைத் தானே பிடித்து வெளியே அவர்களிடம் விட்டுவிடுகிறான். அடுத்த அதிகாரத்தில் இஸ்ரவேல் சபையார் கூடி, நடந்ததைச் சொல்லும்படி அவனைக் கேட்கின்றனர். அவன் சொல்லுகையில், ஊரார் தன்னைக் கொல்ல நினைத்ததும், அவளைக் கெடுத்ததும், அவள் இறந்ததும் வருகின்றன. அவளைத் தானே வெளியே கொண்டுபோய் விட்டது மட்டும் வரவில்லை. சபையார் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்த அறிக்கையை நம்பி ஒரு போர் மூண்டது. அப்போரின் முடிவில் யாபேஸ் கீலேயாத்தின் கன்னிப்பெண்களும் சீலோவின் குமாரத்திகளும் வலிந்து கொண்டுபோகப்பட்டனர். ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிய குறையுள்ள அறிக்கை பல நூறு பெண்களுக்குக் கொடுமையாய் முடிந்தது. இறந்தவளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இவ்வகை எழுத்தின் ஆற்றலையும் ஆபத்தையும் இந்திய நீதி வரலாற்றில் தெளிவாகக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் நிகழ்ந்தது அது. அதைப் பற்றி மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாக எழுதின. பின்னர் நான்கு சட்ட ஆசிரியர்கள் ஒரு மடல் எழுதினர். அம்மடலின் விளைவாக நாட்டின் சட்டம் மாறியது. சட்ட அறிக்கைகளில் இவ்வழக்கு குற்றஞ்சாட்டப்பட்ட காவலரின் பெயரால் வழங்குகிறது. மக்கள் வழக்கிலோ அப்பெண்ணின் பெயரால் வழங்குகிறது. அவள் பெயர் இக்கட்டுரையில் வராது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

2. ஒரு பக்திமானின் எச்சரிக்கை

இவ்வழக்கின் வேர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. சர் மாத்யூ ஹேல் (1609-1676) அந்நாட்டின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். கைக்கூலி வாங்காதவர் என்றும், ஓய்வுநாளைக் கண்டிப்பாய் ஆசரித்தவர் என்றும் புகழ் பெற்றவர். தூய்மையாளர் மரபின் பெரும் போதகரான ரிச்சர்டு பாக்ஸ்டர் ஆக்டன் என்னும் ஊரில் அவருக்கு அயலாராயிருந்து நெருங்கிய நட்புக் கொண்டிருந்தார். ஹேல் இறந்தபின் பேராயர் கில்பர்ட் பர்னெட் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுத, பாக்ஸ்டரும் தம் குறிப்புகளை வெளியிட்டார்.

இந்த ஹேல் எழுதி, அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப்பின் 1736இல் அச்சேறிய குற்றவியல் நூலில், வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. அக்குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, மெய்ப்பிப்பது கடினம், குற்றமற்றவன் மறுப்பது அதனினும் கடினம் என்பது அதன் சாரம். பெண் நற்பெயருடையவளா, உடனே முறையிட்டாளா, கூக்குரலிட்டாளா, உடலில் காயம் உண்டா என்பவற்றை நோக்கியே அவள் சொல்லை நம்பவேண்டும் என்றும் அவர் எழுதினார். மணமான பெண் தன் கணவனுக்கு உடன்பாட்டை ஒருமுறை என்றென்றைக்குமாகக் கொடுத்துவிட்டாள் என்ற கருத்தும் அதே நூலில் உள்ளது. இவ்வெச்சரிக்கை ஆங்கில நீதிபதிகள் நடுவர் குழுவுக்கு வழக்கமாக உரைக்கும் அறிவுரையாகி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களில் ஒலித்தது.

இதே ஹேல் 1662இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரில் ஒரு சூனிய வழக்கை விசாரித்தார். லோஸ்டாப்ட் ஊரைச் சேர்ந்த ரோஸ் கலெண்டர், ஏமி டென்னி என்னும் இரு கைம்பெண்கள் பிள்ளைகளுக்குச் சூனியம் வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். பிள்ளைகளின் வலிப்பும் அவர்கள் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஊசிகளுமே பெரும் சான்றுகள். பிள்ளைகள் நடிக்கின்றனர் என்ற ஐயம் அந்த நீதிமன்றத்திலேயே எழுந்தது. எனினும் பெண்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். 1682இல், பர்னெட்டும் பாக்ஸ்டரும் ஹேலைப் போற்றி எழுதிய அதே ஆண்டில், இவ்விசாரணையைப் பற்றிய சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. பத்தாண்டுகளுக்குப்பின் அமெரிக்காவில் சேலம் என்னும் ஊரில் சூனிய வழக்குகள் நடந்தபோது, பாஸ்டன் நகரப் போதகர் காட்டன் மாதர் அதனையே முன்மாதிரியாகச் சுருக்கித் தம் நூலில் தந்தார்.

இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டும். ஏழைக் கைம்பெண்களுக்கு எதிரான சான்று வந்தபோது எளிதில் நம்பிய நீதி, ஆணுக்கு எதிராகப் பெண் வாய்திறந்தபோது எச்சரிக்கை பூண்டது. ஹேலின் பக்தி போலியானது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. நேர்மையும் பக்தியும் உடைய ஒருவரும், யார் சொல்லை நம்பலாம், யார் சொல்லை ஐயுறலாம் என்பதில் தம் காலத்தின் முற்சாய்வைத் தம்மையறியாமலே சுமந்து திரியக்கூடும். அவர் எழுதும் எழுத்து அவருக்குப்பின் பல தலைமுறைகளைக் கட்டுப்படுத்தக்கூடும்.

3. இந்தியாவுக்கு வந்த விதம்

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862இல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் விருப்பத்திற்கு மாறாக, அல்லது உடன்பாடின்றி, அல்லது உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்று அஞ்சவைத்துப் பெற்ற உடன்பாட்டுடன் நடைபெறும் உறவை அதன் 375ஆம் பிரிவு குற்றமென வகுத்தது. கணவனுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு, இவ்வகை வழக்குகளில் முறையிடும் பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்ட எதிர்த்தரப்புக்கு இடங்கொடுத்தது. திருட்டு வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவரின் ஒழுக்கத்தை இவ்வாறு விசாரிக்கத் தனிப்பிரிவு எதுவும் இல்லை.

பெண்ணின் சொல்லுக்குத் துணைச்சான்று வேண்டும் என்று எந்தச் சட்டப்பிரிவும் கூறவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் அதனை ஒரு வழக்கமாக்கிக்கொண்டன. 1951இல் இராமேசுவர் வழக்கில் நீதிபதி விவியன் போஸ், துணைச்சான்று சட்டத்தின் கட்டளையன்று, எச்சரிக்கையின் பொருட்டு நீதிபதி மனத்தில் கொள்ளவேண்டியது மட்டுமே என்று வரம்பு கட்டினார். ஹேலின் நிழல் சற்றுக் குறைந்தது, மறையவில்லை.

4. 1972 மார்ச் 26

சந்திரபூர் மாவட்டத்தில் (1982 முதல் கட்சிரோலி மாவட்டத்தில்) உள்ளது தேசாய்கஞ்ச். அங்கே பெற்றோரை இழந்த பழங்குடிச் சிறுமி ஒருத்தி தன் அண்ணனுடன் வாழ்ந்து கூலிவேலை செய்துவந்தாள். பின்னர் அவளைச் சோதித்த மருத்துவர் அவளுக்கு வயது 14க்கும் 16க்கும் இடையே என்று மதிப்பிட்டார். வேலைக்குப் போன வீட்டின் உறவினனான இளைஞன் ஒருவனை மணந்துகொள்ள அவள் விரும்பினாள். அண்ணனுக்கு அதில் உடன்பாடில்லை. தன் தங்கையைக் கடத்திவிட்டனர் என்று அவன் காவல் நிலையத்தில் முறையிட்டான்.

1972 மார்ச் 26 இரவு ஒன்பது மணியளவில் அனைவரும் நிலையத்துக்கு அழைத்துவரப்பட்டனர். வாக்குமூலங்கள் எழுதி முடிக்கையில் மணி பத்தரை. எழுதிய தலைமைக் காவலர் உணவுக்காக வீடு சென்றார். மற்றவர்கள் புறப்படுகையில், அங்கிருந்த காவலர் ஒருவர் அச்சிறுமியை மட்டும் உள்ளே நிற்கச் சொல்லி, ஏனையோரை வெளியே போகச் செய்தார். கதவு அடைக்கப்பட்டது, விளக்கு அணைக்கப்பட்டது. அக்காவலர் தன்னை நிலையத்தின் பின்புறமுள்ள கழிப்பிடத்துக்குக் கொண்டுபோய் வன்புணர்ந்தார் என்றும், குடிபோதையிலிருந்த மற்றொரு தலைமைக் காவலர் தன்னிடம் தகாத முறையில் நடந்தார் என்றும் அவள் பின்னர் கூறினாள்.

வெளியே காத்திருந்தவர்கள் ஐயுற்று அவளைக் கூப்பிட்டனர். சிறுமி போய்விட்டாள் என்று விடை வந்தது. சற்று நேரத்தில் அவளே வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள். கூட்டம் கூடிற்று, நிலையத்தைக் கொளுத்திவிடுவோம் என்று மக்கள் கொதித்தனர். வீடு சென்ற தலைமைக் காவலர் மீண்டும் அழைத்துவரப்பட்டு முறையீடு பதிவு செய்யப்பட்டது. அந்தக் கூட்டம் அங்கே நின்றிராவிட்டால் இவ்வழக்கு ஏட்டில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. நீதியின் முதல் வரி எழுதப்படுவதற்கே நள்ளிரவில் ஓர் ஊர் திரளவேண்டியிருந்தது.

5. மூன்று தீர்ப்புகள்

செசன்சு நீதிமன்றம் 1974 ஜூன் 1ஆம் நாள் இரு காவலர்களையும் விடுவித்தது. உறவு நிகழ்ந்தது என்பதை நீதிபதி ஏற்றார். ஆனால் உறவு வேறு, வன்புணர்ச்சி வேறு என்றார். சிறுமி உறவுக்குப் பழகியவள் என்றும், பெரும்பொய் சொல்லுகிறவள் என்றும், தன் காதலன்முன் கற்புடையவளாய்த் தோன்றவே இக்கதையைப் புனைந்தாள் என்றும் எழுதினார். மருத்துவச் சான்றில் உடற்கூற்றைப் பற்றி இருந்த ஒரு வரி, அவள் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிட்டது.

பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 1976 அக்டோபர் 12ஆம் நாள் இதனைத் தள்ளிற்று. அச்சத்தினாலும் மிரட்டலினாலும் செயலற்றுப் பணிந்துபோவதை விருப்பம் என்றோ உடன்பாடு என்றோ கொள்ளலாகாது என்று அது கூறியது. முன்பின் அறியாத காவலரிடம், அண்ணனும் காதலனும் வெளியே நிற்கையில், அவள் தானாக இணங்கியிருப்பாள் என்று எண்ண இடமில்லை என்றும் காட்டிற்று. ஒருவருக்கு ஐந்தாண்டும் மற்றவருக்கு ஓராண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1978 செப்டம்பர் 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் இருவரையும் மீண்டும் விடுவித்தது. நீதிபதிகள் ஜஸ்வந்த் சிங், கோஷல் ஆகியோருடன், சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாயிருந்த பி. எஸ். கைலாசமும் அவ்வாயத்தில் இருந்தார். தீர்ப்பின் வாதம் இவ்வாறு சென்றது: அவள் உடலில் காயம் எதுவும் இல்லை, ஆகவே எதிர்த்துப் போராடினாள் என்பது பொய், எதிர்ப்பு இல்லையாதலால் நிகழ்ந்தது அமைதியாகவே நிகழ்ந்தது. சட்டம் குறிப்பிடும் அச்சம் உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என்ற அச்சமே. அத்தகைய அச்சம் ஊட்டப்பட்டதற்குச் சான்று இல்லை. உறவினர் அருகில் இருந்ததால் அவள் அஞ்சியிருக்கக் காரணமில்லை. தலைமைக் காவலரைப் பொறுத்தவரை, முதல் முறையீட்டுக்கும் பிந்திய சாட்சியத்துக்கும் இடையே முரண்பாடு இருப்பதாகக் கூறப்பட்டது.

இவ்வாதத்தின் ஒவ்வொரு படியிலும் ஹேலின் சோதனைகளைக் காணலாம்: கூக்குரல் எங்கே, காயம் எங்கே, நற்பெயர் எங்கே? தீர்ப்பில் இடம் பெறாத கேள்விகளும் உண்டு. பூட்டிய காவல் நிலையத்தில் நள்ளிரவில் சீருடையணிந்தவனை எதிர்த்து ஒரு கூலிச்சிறுமி எவ்வாறு போராடுவாள்? அவள் கூக்குரலிட்டால் எந்தக் காவலரைக் கூப்பிடுவாள்?

திருமறை மாணவருக்கு இவ்விடத்தில் உபாகமம் 22ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். நகரத்துக்குள் நிகழ்ந்ததற்கும் வெளியிலே நிகழ்ந்ததற்கும் அங்கே வேறு வேறு விதி. நகரத்தைப் பற்றிய விதி இன்று நம் நெஞ்சைக் கலங்கச் செய்யும் கடுமையுடையது. ஆனால் வயல்வெளியைப் பற்றிய விதி வேறுபட்டது: அங்கே அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற எவரும் இல்லை என்று சட்டமே அவள் சார்பாக ஊகித்துக்கொள்கிறது, சான்று கேட்கவில்லை. அன்றிரவு தேசாய்கஞ்ச் காவல் நிலையம் ஊருக்கு நடுவே இருந்தும் வயல்வெளியாகவே இருந்தது. இதனை உச்சநீதிமன்றம் காணவில்லை.

6. திறந்த மடல்

தீர்ப்பு சட்ட அறிக்கைகளில் அச்சாகி ஏறத்தாழ ஓராண்டு அமைதியாய்க் கிடந்தது. பின்னர் 1979 செப்டம்பர் 16ஆம் நாள் நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர் ஆகிய மூவரும் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். வசுதா தகம்வார் பூனாவைச் சேர்ந்தவர். லோதிகா சர்க்கார், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 1974இல் அறிக்கை தந்த குழுவின் உறுப்பினராகவும் இருந்தவர். அப்போது தலைமை நீதிபதியாயிருந்தவர் ஒய். வி. சந்திரசூட்.

உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பை இவ்வளவு வெளிப்படையாகக் கண்டித்துச் சட்ட ஆசிரியர்கள் எழுதுவது அந்நாளில் அரிது. மடல் சினமுடையது, ஆனால் ஒழுங்கான வாதமுடையது. பணிந்துபோதலும் உடன்படுதலும் ஒன்றல்ல என்ற சட்டத்தின் பழைய வேறுபாட்டை அது எடுத்துக்காட்டியது. உடன்பாட்டில் பணிவு அடங்கும்; பணிவிலெல்லாம் உடன்பாடு அடங்காது. காயமின்மை எதிர்ப்பின்மைக்குச் சான்றாகலாம்; எதிர்ப்பின்மை உடன்பாட்டுக்குச் சான்றாகாது. சிறுமியின் வயதையும் வறுமையையும், காவலர் என்றாலே நடுங்கும் எளியோர் நிலையையும் நீதிமன்றம் எண்ணாமல் விட்டதேன் என்று அது வினவிற்று. நந்தினி சத்பதி வழக்கில் 1978 ஏப்ரல் மாதம் இதே உச்சநீதிமன்றம், பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைப்பது சட்டத்துக்கு மாறானது என்று கண்டித்திருந்தது. ஏறத்தாழ ஐந்து திங்களுக்குப்பின் வந்த இத்தீர்ப்பில் இரவில் ஒரு சிறுமி நிலையத்துக்கு அழைக்கப்பட்டதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதையும் மடல் சுட்டிக்காட்டியது.

இம்மடலை எழுதியவர்கள் புதிய சாட்சிகளைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். அச்சில் வந்த தீர்ப்பு ஒன்றே அவர்கள் முன் இருந்த பாடம். அதனைச் சொல் சொல்லாக, சொல்லப்பட்டதையும் சொல்லாமல் விடப்பட்டதையும் நோக்கி வாசித்தனர். குற்றத்தைப் பற்றிய எழுத்துகளில் இது ஒரு தனி வகை. கொலைச்சிந்து இரத்தத்தைக் காட்டி நம்மை ஈர்க்கும். நாளிதழ் புதுமையைக் காட்டி ஈர்க்கும். இம்மடலோ குற்றத்தை மீண்டும் வருணிக்காமல், குற்றத்தை எழுதிய எழுத்தையே விசாரணைக்கு உட்படுத்தியது.

7. சட்டம் மாறியதும் மாறாததும்

மடல் மக்களிடம் பரவிற்று. 1980 மார்ச் 8, பெண்கள் நாளன்று, தில்லியிலும் பம்பாயிலும் வேறு பல நகரங்களிலும் பெண்கள் ஊர்வலம் சென்று மறுவிசாரணை கோரினர். ஐதராபாத்தில் 1978இல் காவல் நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையும், அதைக் கேட்கச் சென்ற அவள் கணவன் அடிபட்டு இறந்ததும் மக்கள் நினைவில் பசுமையாயிருந்தன. அதே 1980ஆம் ஆண்டில் சட்ட ஆணையம் தன் 84ஆவது அறிக்கையைத் தந்தது. 1983இல் குற்றவியல் திருத்தச் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின் பயன்கள் நான்கு. முதலாவது, காவலில் உள்ள பெண்ணைக் காவலரோ அரசு ஊழியரோ கெடுப்பது தனிக்குற்றமாகி, குறைந்தது பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இரண்டாவது, அத்தகைய வழக்கில் உறவு மெய்ப்பிக்கப்பட்டு, தான் உடன்படவில்லை என்று பெண் சாட்சி கூறினால், நீதிமன்றம் அவ்வாறே ஊகிக்கவேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வயல்வெளியின் விதி இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது எனலாம். மூன்றாவது, விசாரணை பொதுமக்கள் முன்னிலையின்றி நடைபெற வகை செய்யப்பட்டது. நான்காவது, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிடுவது 228-ஏ பிரிவின்படி குற்றமாயிற்று. அதே 1983இல் ஒரு குஜராத் வழக்கில் நீதிபதி தக்கர், இந்தியப் பெண்ணின் சாட்சியத்துக்குத் துணைச்சான்று கேட்பது புண்ணில் மேலும் புண் செய்வது என்னும் பொருள்பட எழுதினார்.

ஆயினும் சட்டத்தில் எழுதப்பட்டதெல்லாம் நீதிபதியின் மனத்தில் எழுதப்பட்டதாகாது. பெண்ணின் கடந்தகால வாழ்க்கையைக் கிளறுவதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்ற சட்ட ஆணையத்தின் பரிந்துரையை 1983ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவிட்டது. சிறப்புக் காரணம் இருந்தால் பத்தாண்டைக் குறைக்கலாம் என்று ஒரு வாயிலும் திறந்துவைத்தது. அரியானாவில் இரு காவலர் தண்டிக்கப்பட்ட வழக்கில், 1989இல் உச்சநீதிமன்றம் அவ்வாயிலின் வழியே சென்று, பெண்ணின் நடத்தையையும் ஒரு காரணமாகச் சொல்லித் தண்டனையை ஐந்தாண்டாகக் குறைத்தது. 155(4) பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீங்கிற்று. அது வந்து 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. தண்டனைக் குறைப்பு வாயில் 2013இல் அடைக்கப்பட்டது. பெண்ணின் உடலைச் சோதித்து அவள் பழக்கத்தை முடிவு செய்யும் இருவிரற் சோதனையை உச்சநீதிமன்றம் 2013இல் கண்டித்து, 2022 அக்டோபர் 31ஆம் நாள் அறவே தடை செய்தது. அத்தீர்ப்பை வழங்கிய ஆயத்தில் இருந்தவர் நீதிபதி டி. ஒய். சந்திரசூட், திறந்த மடலைப் பெற்ற தலைமை நீதிபதியின் மைந்தர். தந்தைக்கு எழுதப்பட்ட மடலின் ஒரு பகுதிக்கு மைந்தர் காலத்தில் விடை கிடைக்க 43 ஆண்டுகள் சென்றன. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்கு மாற்றாகப் புதிய சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1983ஆம் ஆண்டின் பாதுகாப்புகள் அவற்றிலும் தொடர்கின்றன. ஹேல் கணவனுக்கு அளித்த விலக்கும் தொடர்கிறது.

நம் மாநிலத்திலும் இவ்வரலாற்றின் ஓர் அதிகாரம் எழுதப்பட்டது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தைச் சேர்ந்த வாச்சாத்தியில், 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். வீடுகள் பாழாக்கப்பட்டன, பழங்குடிப் பெண்கள் 18 பேர் கெடுக்கப்பட்டனர், பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அலுவலர் பாமதி நேரில் சென்று எழுதிய அறிக்கையும், அரசியல் இயக்கத்தாரும் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் நடத்திய போராட்டமும் வழக்கை அணையாமல் காத்தன. 1995இல் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்த்தது. அவர்களுள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 2023 செப்டம்பர் 29ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் 31 ஆண்டுகள் கழிந்தபின்.

தேசாய்கஞ்ச் சிறுமிக்கோ அதுவும் இல்லை. அவளுக்கு மறுவிசாரணை கிட்டவில்லை. விடுதலை பெற்றவர்கள் விடுதலை பெற்றவர்களாகவே இருந்தனர். அவளால் சட்டம் மாறிற்று. மாறிய சட்டம் பின்னோக்கிச் சென்று அவளைத் தொடவில்லை. அவள் வழக்கினால் பிறந்த 228-ஏ பிரிவு இனி வரும் பெண்களின் பெயரை மறைத்தது. ஆனால் உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை அச்சிடுவதற்கு அப்பிரிவு விலக்களித்ததால், அவள் பெயர் மட்டும் சட்ட நூல்களில் என்றும் நிலைத்துவிட்டது. அவளை ஒரு கருத்தாக்கிப் பேசுகிறவர்கள் அவளும் ஓர் ஆள் என்பதை மறப்பதற்கு இடமுண்டு. அவள் பெயரை இக்கட்டுரை விட்டுவிட்டதன் காரணம் இதுவே.

8. சொல்லும் பொறுப்பும்

நம் மொழியில் இக்குற்றத்துக்கு நெடுங்காலம் வழங்கிய சொல் கற்பழிப்பு என்பது. நாளிதழ்களும் நீதிமன்ற மொழிபெயர்ப்புகளும் நம் பிரசங்கங்களும் அதனையே ஆண்டன. அச்சொல்லைப் பிரித்து நோக்கினால் அது குற்றவாளியின் செயலைச் சொல்லவில்லை. பெண் இழந்ததாகக் கருதப்படுவதைச் சொல்கிறது. கற்பு அழிந்தது என்றால் அழிந்தவள் அவள். அழித்தவன் சொல்லிலேயே இல்லை. இச்சொல் பழகிய செவிக்கு, ஏற்கெனவே கற்பில்லாதவள் எதனை இழந்தாள் என்ற செசன்சு நீதிபதியின் எண்ணம் இயல்பாகவே தோன்றும். அண்மைக்காலத்தில் வன்புணர்ச்சி, பாலியல் வன்கொடுமை என்னும் சொற்கள் பரவியுள்ளன. வன்முறை இங்கே சொல்லின் முன்னே நிற்கிறது; செய்தவனை நோக்கி விரல் திரும்புகிறது. இது வெறும் சொல்மாற்றம் அன்று.

இறையியல் மாணவருக்கு இவ்வரலாறு அயலானதன்று. நாமும் எழுதுகிறவர்கள். குருசேகரக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பை ஆயரோ செயலரோ எழுதுகின்றனர். பள்ளியிலும் விடுதியிலும் இல்லத்திலும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைப் பற்றிய முறையீடு முதன்முதலாகப் பல வேளைகளில் ஆயரிடமே வருகிறது. அப்போது நாம் கேட்கும் முதற்கேள்வி எது? ஏன் அங்கே போனாய், ஏன் அன்றே சொல்லவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்போமாயின், ஹேலின் பெயரை ஒருபோதும் கேள்விப்படாமலே ஹேலின் மாணவராகிறோம். திருச்சபையின் நற்பெயர் கெடும் என்று அஞ்சிக் குறிப்பேட்டில் ஒரு வரியை விட்டுவிடுவோமாயின், மிஸ்பாவில் கூடிய சபைமுன் நின்ற லேவியனைப் போல் நாமும் நடந்ததில் பாதியை மட்டுமே சொல்லுகிறோம். அவளுடைய பெயரையும் துயரத்தையும் பிரசங்க மேடைக்கு உவமையாகக் கொண்டுபோவோமாயின், கொலைச்சிந்து விற்றவனுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை.

வேதபாடத்தை வாசிக்க நாம் பயின்ற முறை இங்கே நமக்கு உதவும். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதனைச் சொல்லாமல் விட்டார், யாருடைய குரல் இதில் கேட்கவில்லை என்பன வியாக்கியானத்தின் அடிப்படைக் கேள்விகள். நான்கு ஆசிரியர்கள் 1979இல் ஓர் உச்சநீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்துக் கேட்டவை ஏறத்தாழ இவையே. நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் கையெழுத்திட்ட எழுத்தையும் அவர்கள் அவ்வாறு வாசிக்கத் துணிந்தனர். நம் குழுக்களின் குறிப்பேடுகளையும் நாமே அவ்வாறு வாசிப்போமாயின், ஊர் திரண்டு வாயிலில் நிற்கும்வரை காத்திராமல், வந்து சொல்லுகிறவளின் முறையீட்டை அவள் சொன்னபடியே முதல் நாளிலேயே எழுதிக்கொள்வோம்.